ஃபெல்ட் தொப்பியின் உச்சி சொன்னபடி கேட்காதபோது: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

தொப்பிக்கு ஆவி காட்டி, விரலால் பள்ளம் போட்டு, அழகாக வந்துவிட்டது என்று மேசைமேல் வைத்தால் அரை மணி நேரத்தில் பள்ளம் எழும்பி நிற்கும். இல்லாவிட்டால் அது ஒரு பக்கமாகச் சாயும், தொப்பி இறுகித் தலையில் இறங்காது, கறுப்பு ஃபெல்ட்டில் பளபளவென்று ஒரு திட்டு வந்து உட்காரும். ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. ஆனாலும் வேலை மூன்று கட்டம்தான்: இளக்குவது, வளைப்பது, ஆற வைப்பது. எது கெட்டாலும் முதல் கட்டத்தைச் சந்தேகப்பட்டு இன்னும் ஆவி, இன்னும் ஆவி என்று காட்டுவதுதான் வழக்கம். என் பார்வையில் தவறு பெரும்பாலும் மூன்றாவது கட்டத்தில் இருக்கிறது. கூடுதல் ஆவி அதைச் சரிசெய்யாது. புதிதாக இரண்டு தொல்லையைத்தான் கொண்டுவரும்.

கீழே அறிகுறி வாரியாகப் பிரித்திருக்கிறேன். உங்கள் தொப்பிக்கு எது நடந்ததோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். அதற்கு முன் அடுத்த இரண்டு பகுதிகளை மட்டும் படித்துவிடுங்கள்.

தொப்பி என்ன ரகம்?

ஃபெல்ட் நெய்த துணி அல்ல. விலங்கு ரோமத்துக்கு வெப்பம், ஈரம், அழுத்தம் மூன்றையும் கொடுத்து ஒன்றோடொன்று சிக்கவைத்தது. இழையின் மேற்புறத்தில் நுண்ணிய செதில்கள் உண்டு. அவை ஒன்றையொன்று கவ்விக்கொள்வதால்தான் நூலும் தையலும் இல்லாமல் முழுத் தொப்பியும் ஒரே துண்டாக நிற்கிறது. விலை குறைந்தவை ஆட்டுக் கம்பளியில் செய்தவை. விலை கூடியவை முயல், காட்டுமுயல், பீவர் போன்றவற்றின் மென்ரோமத்தில் செய்தவை.

கம்பளித் தொப்பி தடவினால் சற்றுச் சொரசொரப்பாகவும் தடிமனாகவும் இருக்கும். நன்றாக நனைந்தால் சுருங்கும். மென்ரோமத் தொப்பி மெல்லியதாக, வழுவழுப்பாக இருக்கும். ஈரத்தையும் அதிகம் தாங்கும். சந்தேகமாக இருந்தால் நெற்றியைச் சுற்றி வரும் உள்பட்டையைப் புரட்டிப் பாருங்கள். பெரும்பாலும் பின்பக்கம் ஒரு சின்னச் சீட்டு இருக்கும். அதில் பாலியஸ்டர் என்று போட்டிருந்தால் இந்த வழிமுறை உங்களுக்கு உதவாது. அது பிளாஸ்டிக் இழை. ஆவிக்குக் கொஞ்சம் வளையும், சூடு மீறினால் உருகிக் கண்ணாடி போல் மினுங்கும், திரும்பாது.

ஃபெல்ட்டுக்குள் விறைப்பூட்டும் பொருளும் இருக்கும். பழைய முறையில் அது அரக்கு. மரச் சாமான்களுக்குப் பாலிஷ் போடுகிறோமே அதே ஷெல்லாக். இப்போது வேறு ரசாயனக் கலவைகளும் பயன்படுகின்றன. ஆவி பட்டதும் ரோமமும் இளகுகிறது, இந்த விறைப்புப் பொருளும் இளகுகிறது. இரண்டும் மறுபடி இறுகுவது ஆறி உலரும்போதுதான். ஈரத் தலைமுடியைச் சுருட்டிக் கட்டிக் காயவிட்டால் சுருள் நிற்பதும், பாதியில் அவிழ்த்தால் நிற்காததும் எதனால் என்று யோசித்தால் இதுவும் புரியும். முடியும் ரோமமும் கெரட்டின் என்ற ஒரே புரதம்தான். ஈரமும் சூடும் அதன் உள்பிணைப்புகளைத் தளர்த்துகின்றன, உலரும்போது எந்த வடிவத்தில் இருக்கிறதோ அந்த வடிவத்தில் அவை மறுபடி இணைகின்றன.

ஒரு எச்சரிக்கை. தாத்தா காலத்துத் தொப்பி, பழம்பொருள் கடையில் வாங்கிய தொப்பி என்றால் வீட்டில் ஆவி காட்டாதீர்கள். 19-ஆம் நூற்றாண்டிலும் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் ரோமத்தைப் பதப்படுத்த மெர்குரி நைட்ரேட் என்ற பாதரச உப்பைப் பயன்படுத்தினார்கள். தொப்பித் தொழிலாளர்களுக்குக் கை நடுக்கமும் மனக் குழப்பமும் வந்தது அதனால்தான். அமெரிக்காவில் 1941-இல்தான் அதற்குத் தடை வந்தது. அந்தக் காலத்து ஃபெல்ட்டில் பாதரசம் இன்னும் தங்கியிருக்கலாம். சூடு பட்டால் அது ஆவியாகும். அலமாரியில் வைத்து அழகு பாருங்கள், போதும்.

கை வைக்கும் முன்

உள்பட்டையை முழுக்க வெளியே புரட்டிவிடுங்கள். அப்போது அது தொப்பியின் கீழே தொங்கும், ஆவி நேராகப் படாது. இந்த ஒரு வேலையைச் சோம்பல்பட்டு விடுவதால் வரும் கேடு என்ன என்பது பின்னால் வருகிறது. உள்ளே பட்டுத் துணி லைனிங் இருந்தால், ஒட்டாமல் செருகி மட்டும் வைத்திருக்கும் பட்சத்தில் வெளியே எடுத்துவிடலாம். ஒட்டியிருந்தால் பிய்க்க வேண்டாம். வெளிப்பக்கமிருந்து மட்டும் ஆவி காட்டுங்கள்.

தொப்பியை பிரஷ்ஷால் ஒருமுறை துடைத்துத் தூசியை எடுத்துவிடுங்கள். தூசியோடு ஆவி காட்டினால் அது ரோமத்துக்குள் இறங்கிக் கறையாகும். பிரஷ் ஓட வேண்டிய திசை, மேலிருந்து பார்க்கும்போது, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை. கறுப்புத் தொப்பிக்கு ஒரு பிரஷ், வெளிர் நிறத் தொப்பிக்கு வேறு ஒரு பிரஷ் வைத்துக்கொள்வது நல்லது.

ஆவி வரும் வாய்க்கும் ஃபெல்ட்டுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். கையை ஆவிக்குள் விடாதீர்கள். கொதிநீரைவிட ஆவி மோசமாகச் சுடும். ஒரே இடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருங்கள்.

எவ்வளவு காட்டினாலும் உச்சி இளகவில்லை

முதலில் ஆவியின் வேகத்தைப் பாருங்கள். மின்சாரக் கெட்டிலில் ஆவி பலமாக வரத் தொடங்கும் அதே நொடியில் அது தானாக அணைந்துவிடும். அதன் வேலையே அதுதான். நீங்கள் பிடித்துக்கொண்டிருப்பது அணைந்த கெட்டிலின் மிச்ச ஆவி. சளிக்கு ஆவி பிடிக்கும் சிறிய கருவியும் போதாது; அதில் ஈரம் சேருமே தவிரச் சூடு ஏறாது. துணிக்குப் பயன்படும் கை ஸ்டீமர் இருந்தால் அது நல்லது. இல்லாவிட்டால் வாய் குறுகிய பாத்திரத்தில் தண்ணீரை விடாமல் கொதிக்கவிடுங்கள். அடுப்புத் தீ பக்கவாட்டில் ஏறி விளிம்பைக் கருக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, பரப்பு. உச்சி முழுவதையும் ஒரே நேரத்தில் இளக்கப் பார்த்தால் ஒரு முனைக்குப் போவதற்குள் மறுமுனை ஆறிவிடும். பள்ளம் விழ வேண்டிய இடத்துக்கு மட்டும் அரை நிமிடம் கொடுங்கள். இளகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள விரல் நுனியால் அழுத்தாதீர்கள், விரலின் சதைப் பகுதியால் லேசாகத் தள்ளிப் பாருங்கள். எதிர்ப்பு இல்லாமல் அமுங்க வேண்டும். அட்டை போல் மொடமொடவென்று மடிந்தால் இன்னும் இளகவில்லை என்று அர்த்தம். அப்போது பலவந்தம் செய்தால் விறைப்புப் பொருள் உடைந்து நிரந்தரக் கோடு விழும்.

இரண்டும் சரியாக இருந்தும் இளகவில்லை என்றால் உங்கள் தொப்பி கடின ரகம். பவுலர் தொப்பி அப்படிப்பட்டது. 1849-இல் லண்டனில் அதைச் செய்யச் சொன்னதே, குதிரையில் போகும் வேட்டைக் காவலர்களின் தலையைத் தாழ்ந்த மரக்கிளையிலிருந்து காப்பாற்றத்தான். அரக்கு ஏற்றி ஓடு போல் ஆக்கியிருப்பார்கள். அதில் பள்ளம் போட நினைப்பதே வீண்.

பழைய பள்ளம் போகவில்லை, அல்லது அதன் கோடு தெரிகிறது

புதிய வடிவம் கொடுக்கும் முன் பழையதை முழுக்க அழித்து, உச்சியை வெறும் குவிமாடமாக்க வேண்டும். இதைப் பாதியில் விட்டுப் புதுப் பள்ளம் போடுகிறவர்கள் ஏராளம். பழைய கோடு ஒரு மாதம் கழித்து நடுவில் எட்டிப் பார்க்கும்.

ஆவி காட்டுங்கள், உள்ளே கை விட்டு முஷ்டியின் மேல்பக்கத்தால் மெல்ல வெளியே தள்ளுங்கள். விரல் நுனி வேண்டாம். கோடு பிடிவாதமாக இருந்தால் அந்தக் கோட்டின் மேல் ஈரத் துணியை விரித்து, அதன் மேல் ஆவி காட்டி, உள்ளிருந்து மரக்கரண்டியின் முதுகால் கோட்டின் குறுக்காகத் தேயுங்கள். கோட்டின் வழியே தேய்த்தால் அது இன்னும் ஆழமாகும்.

குவிமாடம் வந்ததும் அதை அப்படியே ஒரு கிண்ணத்தின் மேல் கவிழ்த்து ஒரு இரவு உலரவிடுங்கள். அடுத்த நாள்தான் புதுப் பள்ளம். ஒரே மூச்சில் இரண்டையும் செய்யலாம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். மென்ரோமத் தொப்பியில் அது நடக்கும். கம்பளியில் எனக்கு நம்பிக்கையில்லை.

சில கோடுகள் போகவே போகாது. பல வருடம் ஒரே மடிப்பில் இருந்த இடத்தில் ரோமம் தேய்ந்திருக்கும். அது வளைவு அல்ல, தேய்மானம். பகல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: கோட்டில் ரோமம் குறைந்து அடி ஃபெல்ட் தெரிந்தால் புதுப் பள்ளத்தை அதே கோட்டின் மேல் விழும்படி அமைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

போட்ட பள்ளம் நிற்கவில்லை

அதிகம் வரும் புகார் இது. எப்போது கலைந்தது என்று பாருங்கள், காரணம் அதிலேயே தெரியும்.

கையை எடுத்த சில நிமிடத்திலேயே எழும்பிவிட்டதா? சூடு ஆறும்வரை நீங்கள் பிடிக்கவில்லை. வளைத்ததும் கையை எடுக்காமல், ஃபெல்ட் தொட்டால் குளிர்ச்சியாகத் தெரியும்வரை பிடிக்க வேண்டும். கை வலிக்கும். அதனால் வேறு எதையாவது பிடிக்க வையுங்கள். நடுப்பள்ளத்துக்கு, ஒரு பழைய காலுறையில் மணல் நிரப்பி முடிந்து பள்ளத்தில் படுக்க வைக்கலாம். முன்புறக் கிள்ளல்களுக்கு, அதாவது உச்சியின் முன்பக்கம் இரு புறமும் விரலால் அமுக்கிய குழிவுகளுக்கு, துணி காயப்போடும் மரக் கிளிப்பின் இரு வாயிலும் மெத்தென்று துணி சுற்றிப் பிடிக்க விடலாம். துணி சுற்றாமல் கிளிப் போட்டால் அதன் பல் தடம் பதிந்துவிடும். ஹேர் டிரையரில் குளிர்காற்று இருந்தால் அதை ஓடவிடுங்கள், நேரம் மிச்சமாகும். சூடான காற்று வேண்டாம். அது மறுபடி இளக்கும், கம்பளியைச் சுருக்கவும் செய்யும்.

ராத்திரி நன்றாக இருந்து காலையில் தளர்ந்துவிட்டதா? ஆறியது, ஆனால் உலரவில்லை. மேல்பகுதி குளிர்ந்துவிட்டாலும் உள்ளே ஈரம் நிற்கும். அதிலும் ஆவி காட்டும்போது நீர்த்துளி சொட்டும் அளவுக்கு நனைத்திருந்தால் ஒரு இரவு போதாது. மணல் பையையும் கிளிப்பையும் முழுசாக ஒரு நாள் விட்டுவிடுங்கள். ஈரப்பதம் மிக்க பருவமென்றால் இன்னும் அதிகம். வெயிலில் வைத்து அவசரப்படுத்தாதீர்கள். வெயில் பட்ட பக்கம் வேகமாக உலர்ந்து இழுத்து, பள்ளம் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். நிறமும் மங்கும்.

சில நாள் அணிந்த பிறகு தளர்ந்ததா? விறைப்புப் பொருள் தீர்ந்துபோயிருக்கிறது. பலமுறை ஆவி கண்ட தொப்பிகளிலும், மழையில் நனைந்து வந்த தொப்பிகளிலும் இது வரும். ஃபெல்ட்டுக்கு என்றே விற்கும் விறைப்புத் தெளிப்பானை உள்பக்கம் மட்டும் லேசாக அடித்து, வடிவத்தைப் பிடித்தபடியே உலரவிடுங்கள். அது கிடைக்காவிட்டால் ஷெல்லாக்கை ஸ்பிரிட்டில் தண்ணீர் போல நீர்க்கக் கரைத்து, சிறு பிரஷ்ஷால் உள்பக்கம் தடவலாம். கெட்டியாகத் தடவினால் வெளிப்பக்கம் ஊறி வந்து திட்டுத் திட்டாக மின்னும். ஸ்பிரிட் ஆவி தீப்பிடிக்கும் என்பதால் அடுப்பு எரியும் இடத்தில் இந்த வேலை கூடாது. ஹேர் ஸ்ப்ரே அடிக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். ஓரிரு நாள் நிற்கும், அப்புறம் பிசுபிசுத்துத் தூசியை எல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இன்னொரு சாதாரணக் காரணம், தொப்பியைக் கழற்றும் பழக்கம். முன்புறக் கிள்ளலைப் பிடித்தே போடுவதும் கழற்றுவதுமாக இருந்தால் எந்த வடிவமும் நிற்காது. விளிம்பின் முன்னையும் பின்னையும் பிடித்துக் கழற்றுங்கள்.

பள்ளம் கோணலாக விழுகிறது

கண்மதிப்பை நம்பியதால் வருவது. தொப்பியின் நடுக்கோடு எது என்று முதலில் உறுதி செய்யுங்கள். உள்பட்டையின் இரு முனையும் சேரும் தையல், அல்லது அங்குள்ள சிறு ரிப்பன் முடிச்சு, பின்பக்க நடு. அங்கிருந்து அளவு நாடாவை உள்பட்டை வழியே ஓட்டுங்கள். மொத்தச் சுற்றளவு 58 செ.மீ. என்றால் 29 செ.மீ. வரும் இடம்தான் முன்பக்க நடு. இரண்டுக்கும் இடையே உச்சியின் மேல் ஒரு தையல் நூலை இழுத்துக் குண்டூசியில் கட்டுங்கள். வெளி ரிப்பனின் முடிச்சு பக்கவாட்டில் இருக்கும், அதை வைத்து நடுவைக் கணக்கிட வேண்டாம்.

பள்ளம் போடும்போது விரலால் குத்தாமல், உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க விளிம்பை நூலின் மேல் படுக்க வைத்து முழு நீளத்துக்கும் ஒரே அழுத்தமாக இறக்குங்கள். நேரான நடுப்பள்ளத்துக்கு இது போதும். ஆனால் புதிதாகச் செய்பவருக்கு நான் சொல்வது கண்ணீர்த்துளி வடிவம்: பின்னால் அகன்று முன்னால் குறுகும் பள்ளம். அதில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பிசகினாலும் கண்ணுக்குத் தெரியாது. நேர்ப்பள்ளம் அப்படியல்ல, நூல் பிசகினால் காட்டிக்கொடுத்துவிடும்.

வரிசையும் முக்கியம். நடுப்பள்ளம் முதலில், முன்புறக் கிள்ளல்கள் பிறகு. கிள்ளல்களை முதலில் போட்டால், பின்னால் இறக்கும் நடுப்பள்ளம் அவற்றை ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். இரண்டு கிள்ளல்களையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போடாமல், கட்டைவிரல் ஒரு பக்கமும் மற்ற விரல்கள் மறுபக்கமுமாக ஒரே நேரத்தில் அணைத்துப் போடுங்கள்.

கையில் பிடித்துப் பார்த்தால் சரியாகத் தோன்றும், கண்ணாடியில் கோணலாகத் தெரியும். கைபேசியில் நேர் முன்னாலிருந்தும் நேர் மேலிருந்தும் படம் எடுத்துப் பாருங்கள். படத்தில் கோணல் ஒளியாது. ஃபெல்ட் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள், திருத்த அப்போதுதான் வாய்ப்பு.

தொப்பியைப் போட்டால் உச்சி தலையில் இடிக்கிறது

பள்ளம் ஆழமாகிவிட்டது, அல்லது உச்சி ஆரம்பத்திலேயே உயரம் குறைந்தது. பள்ளம் போடாத குவிமாட நிலையில் உச்சி 14 அல்லது 15 செ.மீ. இருந்தால் 2 முதல் 3 செ.மீ. ஆழப் பள்ளத்தைத் தாராளமாகத் தாங்கும். 12 செ.மீ.-க்குக் கீழே இருந்தால் ஆழமான பள்ளம் வேண்டாம். மேலே தட்டையாக ஒரு சிறு குழிவு மட்டும் போதும். 1865-இல் அமெரிக்கத் தொப்பித் தயாரிப்பாளர் ஸ்டெட்சன் கொண்டுவந்த 'பாஸ் ஆஃப் தி பிளெய்ன்ஸ்' தொப்பி எந்தப் பள்ளமும் இல்லாத உயர்ந்த உச்சியோடுதான் விற்பனைக்கு வந்தது. வாங்கியவர்கள் தங்கள் இஷ்டத்துக்குப் பள்ளம் போட்டுக்கொண்டார்கள். அந்த உயரம் இருந்ததால் அது நடந்தது.

இடிக்கும் இடத்துக்கு மட்டும் உள்ளிருந்து ஆவி காட்டி ஒரு செ.மீ. மேலே தள்ளுங்கள். முழுவதையும் அழிக்கத் தேவையில்லை.

விரல் தடமும் குண்டும் குழியும்

விரல் நுனியால் வேலை செய்ததன் அடையாளம். லேசாக ஆவி காட்டி, ஒரு கை உள்ளே தாங்க, மறு கையின் உள்ளங்கையால் வட்டமாகத் தடவிவிடுங்கள். இஸ்திரிப் பெட்டியை எடுக்காதீர்கள். அது குழியைச் சமன் செய்யும்தான், ரோமத்தையும் சேர்த்து நசுக்கிவிடும்.

உச்சி மேல்நோக்கிக் கூம்பிவிட்டது

உச்சியின் பக்கங்கள் நேராக நிற்காமல் மேலே போகப் போகக் குறுகுவது. கடைசியில் தொப்பி ஒரு கூம்புபோல் ஆகிவிடும். இதற்குக் காரணம் தொப்பியின் பிறப்பிலேயே இருக்கிறது. தொழிற்சாலையில் ஃபெல்ட் முதலில் கூம்பாகத்தான் உருவாகிறது. பிறகு அதைச் சூடாக்கி மர அச்சின் மேல் இழுத்து உச்சியையும் விளிம்பையும் உண்டாக்குகிறார்கள். நன்றாக நனைந்து, உள்ளே தாங்க எதுவுமில்லாமல் உலர்ந்தால், இழுத்த இழுப்பெல்லாம் தளர்ந்து கூம்பை நோக்கித் திரும்பும். மழையில் நனைந்த தொப்பிக்கு வரும். அதைவிட அதிகமாக, சரியாக வரவில்லையே என்று திரும்பத் திரும்ப ஆவி காட்டிய தொப்பிக்கு வரும்.

மீட்க அச்சு தேவை. தொப்பி செய்பவர்களின் மர அச்சு இல்லாதபோது, பக்கம் நேராக நிற்கும் ஒரு பாத்திரத்தைத் தேடுங்கள். தலைச் சுற்றளவு 57 செ.மீ. என்றால் 18 செ.மீ. விட்டமுள்ள வட்டப் பாத்திரம் ஏறக்குறைய அதே சுற்றளவு. ஆனால் தலை வட்டமல்ல, முன்பின்னாக நீண்ட நீள்வட்டம். அதனால் வட்டப் பாத்திரத்தை உச்சியின் மேற்பாதிக்கு மட்டும் பயன்படுத்துங்கள். சற்றுச் சிறிய பாத்திரமாக எடுத்து, துண்டு சுற்றித் தேவையான அகலம் ஆக்கிக்கொள்ளலாம். துண்டை முன்னும் பின்னும் தடிமனாகச் சுற்றினால் நீள்வட்டமும் கிடைத்துவிடும். அடிப்பகுதி வரை வட்டப் பாத்திரத்தில் இழுத்து உலர்த்தினால் தொப்பி வட்டமாகி, நெற்றியிலும் பிடரியிலும் அழுத்தும், காதுப்பக்கம் இடைவெளி விடும்.

உச்சி முழுவதும் இளகும்படி ஆவி காட்டி, பாத்திரத்தின் மேல் கவிழ்த்து, இரண்டு கையாலும் சுற்றிச் சுற்றிக் கீழே இழுங்கள். ஒரே இடத்தில் இழுத்தால் அங்கே மெலியும். இறங்கியதும் ஒரு பருத்திக் கயிற்றை உச்சியைச் சுற்றிக் கட்டி, அதையும் கீழே தள்ளி இறுக்குங்கள். ஒரு முழு நாள் அசைக்க வேண்டாம். மென்ரோமத் தொப்பி பெரும்பாலும் நல்ல அளவுக்குத் திரும்பி வரும். கம்பளியில் செதில்கள் மேலும் நெருங்கிக் கவ்விக்கொண்டிருக்கும். அந்தச் சுருக்கம் முழுதாகப் பிரியாது. பாதி திரும்பினால் திருப்திப்பட்டுக்கொள்ளுங்கள். விடாமல் இழுத்தால் உச்சியின் ஓரம் மெலிந்து வெளிச்சம் தெரியும்.

தொப்பி இறுகிவிட்டது

உள்பட்டையைப் புரட்டாமல் ஆவி காட்டினீர்களா? அதுதான். ஈரமான தோலுக்கு ஆவியின் சூடு ஆகாது, சுருங்கிக் கட்டியாகிவிடும். பட்டையைத் தொட்டுப் பாருங்கள். வளையாமல், சுருக்கம் விழுந்து, அட்டை போல் இருந்தால் தோல் வெந்துவிட்டது, எந்த எண்ணெயும் அதைப் பழையபடி ஆக்காது. பட்டையை மாற்றுவதுதான் வழி. அது கைத்தையல் வேலை. பொறுமை உள்ளவர் வீட்டிலேயே செய்யலாம்.

தோல் மென்மையாகவே இருந்தால் சுருங்கியது ஃபெல்ட். உள்பட்டையைப் புரட்டிவிட்டு, உச்சியின் அடிச்சுற்றுக்கு மட்டும் ஆவி காட்டி, தொப்பி விரிப்பானை (உள்ளே வைத்துத் திருகினால் அகலும் கருவி) வைத்து ஒவ்வொரு திருகாக விரியுங்கள். ஒரு அளவு கூட்டுவது என்றால் சுற்றளவில் ஏறக்குறைய 1 செ.மீ. அதற்கு மேல் பேராசைப்படாதீர்கள், தையல் பிரியும். விரிப்பான் இல்லாவிட்டால், பட்டையை உள்ளே மடித்து, ஃபெல்ட் கைபொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் தலையில் போட்டுக்கொண்டு ஆறும்வரை இருங்கள். பார்ப்பவர் சிரிக்கலாம், ஆனால் உங்கள் தலையைவிடப் பொருத்தமான அச்சு கிடையாது.

உச்சியைத் திருத்தியதில் விளிம்பு அலையடிக்கிறது

கீழே வழிந்த ஆவி விளிம்பையும் இளக்கிவிட்டது, அப்புறம் தொப்பியை மேசையில் விளிம்பு படும்படி வைத்திருக்கிறீர்கள். விளிம்புக்கு மெல்லிய ஆவி காட்டி, மேசை ஓரத்தில் தட்டையாகப் படுக்க வைத்துச் சுற்றி வரக் கையால் தடவுங்கள், பிறகு முன் விளிம்பைக் கீழும் பின் விளிம்பை மேலுமாக வளையுங்கள். உலரும்போது விளிம்பு எதிலும் படாமல், உச்சிக்குள் ஒரு கிண்ணத்தைக் கொடுத்துத் தூக்கி வையுங்கள். உச்சியில் மணல் பையோ கிளிப்போ இல்லாத நாட்களில் தொப்பியைத் தலைகீழாக, உச்சி கீழே இருக்கும்படி வைப்பதே நல்ல வழக்கம்.

பளபளப்பு, வெண்படலம், நீர்த்தடம்

மூன்றும் ஒன்றுபோல் தெரியும், மருந்து வேறு.

பளபளப்பு என்றால் ரோமம் நசுங்கிப் படுத்திருக்கிறது. ஆவி காட்டி, திசைக்கு எதிராக பிரஷ் செய்து எழுப்பி, பிறகு திசையோடு படியவிடுங்கள். எழும்பவில்லை என்றால் மிக நைஸான உப்புத்தாளால், எடையே கொடுக்காமல், இரண்டு மூன்று முறை வருடுங்கள். அதற்கு மேல் வேண்டாம், ஃபெல்ட் மெலியும்.

வெண்படலம் அல்லது ஒட்டுகிற மினுக்கம் என்றால் விறைப்புப் பொருள் மேலே ஊறி வந்திருக்கிறது. அரக்காக இருந்தால் ஸ்பிரிட்டில் கரையும். வெள்ளைத் துணியில் சில சொட்டு விட்டு ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். முதலில் உள்பட்டைக்குப் பின்னால் மறைவான இடத்தில் சோதியுங்கள். துணியில் தொப்பியின் நிறம் ஏறினால் நிறுத்திவிடுங்கள்.

நீர்த்தடம் என்றால் கெட்டில் வாயிலிருந்து துளி தெறித்திருக்கிறது. அந்த வட்டத்தை மட்டும் துடைத்தால் அதன் ஓரத்தில் புது வட்டம் வரும். அந்தப் பக்கம் முழுவதற்கும் சீராக ஆவி காட்டி, எல்லாம் ஒரே ஈரமானதும் பிரஷ் செய்து உலரவிடுங்கள். வெளிர் நிறத் தொப்பியில் ரிப்பனை ஒட்டிச் சாயம் இறங்கியிருந்தால் அது வேறு விஷயம்: ரிப்பனின் நிறம் வடிந்திருக்கிறது. ஃபெல்ட்டுக்குள் இறங்கிய சாயம் பெரும்பாலும் வெளியே வராது. அகலமான ரிப்பனாக மாற்றி மறைத்துவிடலாம்.

முன்புறக் கிள்ளலில் விரிசல்

மடிப்பு கூர்மையாக இருக்கும் இடத்தில், வருடக் கணக்கில் விரல் பட்டுப் பட்டு ஃபெல்ட் பிளக்கும். வெறும் கோடாக இருந்தால் இப்போதே தடுக்கலாம். அந்தக் கிள்ளலுக்கு ஆவி காட்டி மடிப்பை மொழுக்கென்று ஆக்குங்கள், கூர்மை போகட்டும். உள்பக்கம் அதே நிற மெல்லிய ஃபெல்ட் துண்டை, விரிசலைவிட எல்லாப் பக்கமும் ஒரு விரல் அகலம் கூடுதலாக வெட்டி, வளையும் தன்மையுள்ள துணிப்பசையால் ஒட்டுங்கள். உடனடியாக ஒட்டும் பசை கண்ணாடி போல் இறுகி, அதன் ஓரத்திலேயே அடுத்த விரிசலை உண்டாக்கும்.

துளையே விழுந்துவிட்டால், உள்பட்டைக்குப் பின்னாலிருந்து கொஞ்சம் ரோமத்தைச் சுரண்டி எடுத்து, உள்துண்டின் மேல் பசை தடவிய துளைக்குள் திணித்து, காய்ந்ததும் உப்புத்தாளால் லேசாகச் சமன் செய்யலாம். கிட்டத்தில் பார்த்தால் தெரியும், இரண்டடி தள்ளி நின்றால் தெரியாது. அதன் பிறகு அந்த இடத்துக்கு ஆவி காட்டுவதைக் கூடியவரை தவிருங்கள். சூடு பட்டால் பசை விட்டுவிடலாம். அடுத்த முறை வடிவம் மாற்றத் தோன்றினால் கிள்ளலை விட்டுவிட்டுப் பின்பாதியில் மட்டும் கை வையுங்கள்.